மாணவர் என்று கையொப்பமிட்ட ஆசான்

மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் திறக்க மரபாகக் குறிக்கப்பட்ட நாள் ஜூன் 12. அதற்கு மறுநாளான ஜூன் 13, உலகின் எல்லா நெல் ஆராய்ச்சி நிலையங்களும் நன்றியுடன் நினைக்க வேண்டிய ஒருவரின் பிறந்த நாள். அவர் நெல் விளைவித்தவர் அல்லர். அயர்லாந்தின் டப்ளின் நகரில், கருநிறப் பீர் காய்ச்சும் ஆலையில் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர். பெயர் வில்லியம் சீலி காசெட். புள்ளியியல் படித்தோர் அவரை 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவர், என்ற புனைபெயரால் அறிவர்.

தஞ்சை மாவட்டத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் பல ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். விதைப்புப் பருவம் வந்தால் உறவினரும் ஊராரும் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆண்டு எந்த ரகம் போடலாம்? அதற்கு விடை கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால், விடையைத் தேடும் முறையைக் கண்டு சொன்ன மனிதரின் வாழ்க்கையை அவர்களுக்குச் சொல்ல முடியும்.

காசெட் 1876-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை ராணுவப் பொறியாளர் படையில் கர்னல். தந்தையின் வழியில் செல்ல விரும்பிய மகனுக்குக் கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜில் கணிதமும் வேதியியலும் பயின்று இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். 1899-இல் கின்னஸ் நிறுவனம் அவரைப் பணிக்கு எடுத்துக்கொண்டது.

அந்நிறுவனத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1759-இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளினில் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்கு ஓர் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆலை தொடங்கினார். காசெட் சேர்ந்தபோது அது உலகின் மிகப் பெரிய பீர் ஆலையாக வளர்ந்திருந்தது. அங்கே தயாரானது ஸ்டவுட் என்னும் கருநிறப் பீர். பரம்பரைக் கைப்பழக்கத்தை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய உற்பத்தியை நடத்த முடியாது என்று உணர்ந்த நிர்வாகம், பல்கலைக்கழகங்களில் அறிவியல் பயின்ற இளைஞர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு அமர்த்தத் தொடங்கியிருந்தது.

ஸ்டவுட்டின் செய்முறை டெல்டா மக்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. விதைநெல்லைச் சாக்கில் கட்டி, ஊறவைத்து, இருட்டில் மூட்டம் போட்டு முளைகட்டுகிறோம் அல்லவா? வாற்கோதுமையை, அதாவது பார்லியை, அவ்வாறே ஊறவைத்து முளைகட்டி, முளை நீளும் முன் உலர்த்தி எடுப்பது மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. காபிக்கொட்டை போலக் கருக வறுத்த தானியம் நிறத்தையும் கசப்பையும் தருகிறது. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ மணத்தைத் தந்து, கெடாமல் காக்கிறது. பிறகு ஈஸ்ட் சேர்ந்து புளிக்கிறது. டப்ளின் நீரிலுள்ள சுண்ணாம்புத் தன்மையை வறுத்த தானியத்தின் புளிப்பு ஈடுசெய்வதால் அவ்வூருக்குக் கருநிறப் பீர் இயல்பாகவே பொருந்திற்று.

பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அங்கே ஸ்டவுட் காய்ச்சிப் பழகுவோர் பலர், பத்தில் ஏழு பங்கு வெளிர் மால்ட், இரண்டு பங்கு அவல்போலத் தட்டிய பார்லி, ஒரு பங்கு கருக வறுத்த பார்லி என்ற கணக்கில் தொடங்குவர். பிறகு ஒவ்வொரு காய்ச்சலிலும் ஏதேனும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பர். நம் மாநிலத்தில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். நான் பேசுவது மதுவைப் பற்றியன்று. ஒரு செய்முறை தேறிவிட்டது என்று எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியே. இட்லி மாவுக்கு உளுந்தைச் சிறிது கூட்டி அரைத்த அன்று இட்லி பூப்போல வந்தால் அது உளுந்தின் பெருமையா, அன்றைய வெக்கையின் பெருமையா? இரண்டு மூன்று முறை செய்து பார்த்து எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? வீட்டு அடுப்பில் எழும் இதே கேள்விதான் டப்ளின் ஆலையிலும் எழுந்தது.

அக்காலத்துக் கணித நூல்கள் நூற்றுக்கணக்கான அளவீடுகள் கையில் இருந்தால் மட்டுமே பயன்படும் சூத்திரங்களைத் தந்தன. ஆலையில் இருந்தவையோ நான்கு அளவீடுகள், ஐந்து அளவீடுகள். ஒவ்வொரு சோதனைக்கும் காலமும் பணமும் செலவாகும்; பார்லி ஆண்டுக்கொரு முறைதான் விளையும். குறைந்த சான்றிலிருந்து நேர்மையாக எவ்வளவு அறியலாம் என்பதே காசெட்டின் வாழ்நாள் கேள்வியாயிற்று. 1904-இல் ஆலைப் பணிக்குப் பிழைக் கணிதம் எவ்வாறு உதவும் என்று நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரைச் சத்தைச் சோதிப்பதில், இரண்டு சோதனைகளின் சராசரி உண்மை மதிப்புக்கு அரைப் பாகை அளவுக்குள் இருக்கும் வாய்ப்பு ஒன்றுக்கு நான்கு என்றும், நான்கு சோதனைகள் செய்தால் அது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றும் கணக்கிட்டார். எத்தனை முறை சோதித்தால் போதும் என்பதற்கு முதன்முறையாக ஆலைக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

1905 கோடையில் அன்றைய புள்ளியியல் பேராசிரியர் கார்ல் பியர்சனைச் சந்தித்து ஐயம் கேட்டார். மறு ஆண்டு, நிறுவனத்தின் அனுமதியுடன் லண்டன் சென்று பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். அதன் பயனாக 1907-இல் ஈஸ்ட் அணுக்களை எண்ணுவதில் ஏற்படும் பிழையைப் பற்றிய கட்டுரை வந்தது. ஈஸ்ட் குறைந்தால் புளிப்பு முழுமை பெறாது. மிகுந்தால் சுவை கெடும். குருதி அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டமிட்ட கண்ணாடித் தட்டில் நானூறு கட்டங்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணி, அந்த எண்ணிக்கை எந்த விதிக்கு உட்பட்டுச் சிதறுகிறது என்று காட்டினார்.

அடுத்த ஆண்டு, 1908-இல், பயோமெட்ரிகா இதழில் வெளியான கட்டுரைதான் அவர் பெயரை நிலைக்கச் செய்தது. சிறு மாதிரிகளின் சராசரியில் உள்ள பிழை எவ்வாறு பரவும் என்று அதில் கண்டறிந்தார். கணினி இல்லாத காலத்தில் அதைச் சரிபார்க்க அவர் கையாண்ட வழி வியப்பளிப்பது. ஏற்கெனவே அச்சில் வந்திருந்த, 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்கிட்டுத் தம் சூத்திரத்துடன் ஒப்பிட்டார். பொருந்திற்று.

அக்கட்டுரையில் அவர் பெயர் இல்லை. ஆலை நுட்பங்கள் போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடலாகாது என்பதால் ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிர்வாகம் இசையவில்லை. எனவே மாணவர் என்று கையொப்பமிட்டார். இறக்கும் வரை அந்தப் பெயரிலேயே பெரும்பாலும் எழுதினார். புகழ் தம்மை வந்து சேராததைப் பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. வீட்டில் மரவேலை செய்வார், படகு கட்டுவார், பழச்செடிகள் வளர்ப்பார். புள்ளியியலின் இரு பெரும் பகைவர்களான பியர்சனுக்கும் ரொனால்ட் ஃபிஷருக்கும் ஒரே நேரத்தில் நண்பராக இருந்தவர் அவர். அவருடைய முடிவுக்கு முறையான கணித நிறுவலைத் தந்தவர், 1912-இல் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்த ஃபிஷரே. 1925-இல் ஃபிஷர் எழுதிய நூல் வழியாக டி-சோதனை உலகெங்கும் பரவிற்று.

அதன் சாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புதிய ரகம் ஒன்றையும் பழைய ரகம் ஒன்றையும் நான்கு இணைப் பட்டங்களில் பக்கம்பக்கமாக நடுகிறோம் என்று கொள்வோம். புதியது தந்த கூடுதல் மகசூல் முறையே 6, 5, 7, 4 கிலோ. வேறோர் ஊரில் அதே ஒப்பீட்டில் 20 கூடுதல், 8 குறைவு, 14 கூடுதல், 4 குறைவு. இரண்டு ஊர்களிலும் சராசரி லாபம் ஐந்தரைக் கிலோதான். ஆயினும் முதல் ஊரின் சான்றை நம்பலாம். இரண்டாம் ஊரினதை நம்ப முடியாது. சராசரியை அதன் சிதறலால் விளையும் பிழை கொண்டு வகுத்தால் முதலாவதற்கு 8.5, இரண்டாவதற்கு 0.8 கிடைக்கும். ரகங்களுக்கிடையே வேறுபாடே இல்லாத நிலையில், நான்கு இணைகளில் இந்த எண் 3.18-ஐத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறைக்கும் குறைவு. ஐந்தரைக் கிலோ கூடுதல் என்று மட்டும் விளம்பரம் செய்பவர் மறைப்பது இந்தச் சிதறலைத்தான்.

காசெட் ஆய்வறையோடு நின்றவர் அல்லர். நல்ல ஸ்டவுட்டுக்கு நல்ல பார்லி வேண்டும் என்பதால் அயர்லாந்து வேளாண் துறையுடன் இணைந்து வயல்வெளிச் சோதனைகளில் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டார். 1923-இல் தானிய ரகங்களைச் சோதிப்பது பற்றி விரிவாக எழுதினார். ஒரே பண்ணையில் ஒரே ஆண்டு செய்த சோதனையை அவர் ஏற்கவில்லை. பல ஊர்களில், பல ஆண்டுகளில், உழவர் உண்மையில் பயிரிடும் நிலையிலேயே சோதிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. எவ்வளவு உறுதி வேண்டும் என்பதும் அந்த முடிவால் நேரக்கூடிய லாப நட்டத்தைப் பொறுத்தது என்று அவர் கருதினார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நண்பர் ஃபிஷருடன் அவர் மாறுபட்டதும் வயல் குறித்தே. பட்டங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும் என்றார் ஃபிஷர். மண்வளம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாறிச் செல்வதை அறிந்து, இரு ரகங்களுக்கும் அது சமமாக அமையும்படி வரிசைப்படுத்த வேண்டும் என்றார் காசெட்.

1935-இல் கின்னஸ் லண்டனில் தொடங்கிய புதிய ஆலையின் பொறுப்பை ஏற்றார். 1937-இல் நிறுவனத்தின் தலைமைப் பீர்த் தயாரிப்பாளர் ஆனார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, காசெட் மாரடைப்பால் மறைந்தார். வயது 61. அவருடைய மதுவை நாம் ஒதுக்கினோம், கணக்கை ஏற்றுக்கொண்டோம். 1938 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷர் தலைமை வகித்தார். வயல்வெளிச் சோதனைக் கலை இந்நாட்டில் வேரூன்றிற்று. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 முதல் இன்றுவரை வெளிவரும் ஒவ்வொரு ரகமும் இத்தகைய ஒப்பீடுகளைக் கடந்தே நம் வயலுக்கு வருகிறது.

ஆயினும் ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்கு வெளியே நிலைமை வேறு. திருவையாற்று வண்டலில் சிறந்த ரகம் வேதாரண்யத்து உவர்நிலத்திலும் சிறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரு வயலில் ஒரு போகம் அமோகமாக விளைந்ததைக் காட்டி விதை விற்கப்படுகிறது. பாரம்பரிய ரகங்களைப் போற்றுவோரும் இகழ்வோரும் தத்தமக்கு உகந்த ஒரு வயலையே சான்றாகக் காட்டுகின்றனர். தவறான தேர்வின் விலையைக் கொடுப்பவர், கடன் வாங்கி நடவு செய்த சிறு விவசாயியே. மழை மிகுந்த ஐப்பசியில் சாய்ந்துவிட்ட சம்பாவுக்கு எந்த விளம்பரமும் ஈடு தராது.

காசெட்டின் வழி செலவு மிகுந்ததன்று. ஒரே வயதுடைய இரு ரகங்களை எடுத்துக்கொண்டு, ஒரு மா நிலத்தை வாய்க்கால் மடையிலிருந்து வடிகால் வரை நீளும் எட்டுப் பட்டங்களாகப் பிரிக்கலாம். அப்போது மடையருகே படியும் வளமும் கடைசியில் தேங்கும் நீரும் இரண்டுக்கும் ஒருபோலக் கிடைக்கும். முதலாவது, இரண்டாவது, மறுபடி இரண்டாவது, முதலாவது என்ற வரிசையில் நட்டு, ஓரச் சால்களை விட்டுவிட்டு, பட்டம் பட்டமாக அறுத்து எடை போட்டால் நான்கு இணைகள் கிடைத்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து பத்து ஊர்களில் செய்தால், அது ஒரு வட்டாரத்துக்கே போதிய சான்றாகும். இதற்கான கணக்கைக் கல்லூரி மாணவர் எவரும் போட்டுத் தர முடியும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வேளாண் துறையின் செயல்விளக்கத் திடல்களின் முடிவுகளை வட்டார வாரியாக, கடைமடைப் பகுதிகளையும் சேர்த்து, தோற்றவற்றையும் மறைக்காமல், ஒவ்வொரு விதைப்புப் பருவத்துக்கு முன்பும் வெளியிட வேண்டும். சராசரியோடு சிதறலையும் அதில் அச்சிட வேண்டும். தண்ணீர் வந்து சேரும் முன்பே அந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்குமானால், எந்த ரகம் போடலாம் என்று என்னைப் போன்றவர்களிடம் எவரும் கேட்க வேண்டியிராது.