தீப்பொறி இல்லாமல் எரிய வைத்தவர்

மெக்கானிக்கல் பசங்களுக்கு இந்தப் பேரைத் தனியா அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெர்மோ பேப்பர்ல ஓட்டோ சைக்கிளுக்கு அடுத்து வர்ற டீசல் சைக்கிளுக்கு பி-வி டயகிராம் போட்டு, கட்-ஆஃப் ரேஷியோ எழுதி, மார்க்கை வாங்கிட்டு வந்துடுவோம். மத்த டிபார்ட்மென்ட்காரங்களுக்கு டீசல்னா பங்க்ல இருக்கிற இன்னொரு குழாய். ஆனா அது ஒரு மனுஷனோட குடும்பப் பெயர். அந்த மனுஷன் ஒரு ராத்திரி கப்பல்ல ஏறி, காலையில காணாமப் போனார். அதுக்கு முன்னாடி அவர் என்ன செஞ்சார்ங்கிறதுதான் நமக்கு முக்கியமான கதை.

பாரிஸ்ல பிறந்த ஜெர்மன் பையன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் பொருட்கள் செய்யும் தொழில். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், ஜெர்மன்காரர்கள் பாரிஸில் இருக்க முடியாத நிலை. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே கையில் காசு இல்லை. 12 வயசுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். படிப்புக்கு அந்த வீடு நல்ல இடமாக அமைந்தது. 14 வயசிலேயே, நான் இன்ஜினியர் ஆகப்போறேன்னு பையன் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

ஸ்காலர்ஷிப் கிடைத்து 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே, குளிர்பதன இயந்திரங்களில் பெரிய பெயர். ஒருநாள் வகுப்பில் லிண்டே, நீராவி இன்ஜின் எரிபொருளில் இருக்கிற வெப்பத்தில் 10 சதவீதம் அளவுக்குக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்று விளக்கினார். வகுப்பில் எல்லோருமே அதைக் கேட்டிருப்பார்கள். டீசல் மட்டும் நோட்டு ஓரத்தில், கார்னோ சொன்ன இலட்சிய சுழற்சியை நடைமுறையில் கொண்டுவர முடியுமா என்று ஆராய வேண்டும் எனக் குறித்து வைத்தார். நாமும் நோட்டு ஓரத்துல நிறைய எழுதுறோம், ஆனா அதுக்கு அடுத்த 15 வருஷத்தைக் கொடுக்கிறதில்லை.

1879-ல் டைபாய்டு வந்து கடைசிப் பரீட்சையை எழுத முடியாமல் போனது. அந்த இடைவெளியில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனியில் வேலை பழகினார். 1880-ல் பரீட்சை எழுதி முதல் தர மதிப்பெண்ணோடு வெளியே வந்து, லிண்டேவிடமே பாரிஸில் ஐஸ் பிளான்ட் வேலையில் சேர்ந்தார். 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்துகொண்டார், மூன்று குழந்தைகள். நல்ல சம்பளம், நல்ல பதவி எல்லாம் இருந்தது. ஆனாலும் மனசு அந்த நோட்டு ஓரத்திலேயே நின்றது. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியை வைத்து இன்ஜின் செய்யப் பல வருஷம் முயன்றார். அது ஒத்துவரவில்லை.

சைக்கிள் பம்பின் சூடு

அவர் கடைசியில் பிடித்த யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், தொட்டுப் பார்த்திருப்பீங்க. காற்றை வேகமாக அமுக்கினால் சூடேறும். போதுமான அளவு அமுக்கினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்தே உள்ளே போவதால், அதிகமாக அமுக்கினால் நேரம் தவறி வெடித்து நாக் ஆகிவிடும். டீசல் வெறும் காற்றை மட்டும் அமுக்கி, உச்சிக்குப் போகும்போது எரிபொருளை உள்ளே விட்டார். அமுக்கம் கூடக்கூட செயல்திறனும் கூடும்.

1892 பிப்ரவரியில் விண்ணப்பித்த காப்புரிமை 1893-ல் கிடைத்தது. அதே வருஷம் ஒரு புத்தகமும் போட்டார். காகிதத்தில் அவர் கணக்கு 70 சதவீதத்தைத் தாண்டிய செயல்திறனைக் காட்டியது. அதற்குத் தேவைப்பட்ட அமுக்கமோ சுமார் 250 பார், அந்தக் காலத்து வார்ப்பிரும்பு தாங்காத எண். எரியும்போது வெப்பநிலை ஏறவே கூடாது என்பது அடுத்த நிபந்தனை. அப்படி எரித்தால் கிடைக்கும் வேலை, இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக்கூடப் போதாது. இதை அவரே சீக்கிரம் புரிந்துகொண்டு, நிலையான அழுத்தத்தில் எரியும் முறைக்கு இறங்கி வந்தார். நாம பரீட்சையில எழுதுற டீசல் சைக்கிள் அந்த இறங்கி வந்த சைக்கிள்தான்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடம் கொடுத்தது. அதுதான் பின்னாளில் எம்.ஏ.என். ஆனது. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, அழுத்தம் எகிறியது, அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. இன்ஜின் சொந்தமாக ஓடவில்லை. ஆனால் தீப்பொறி இல்லாமல் பற்ற வைக்கலாம் என்பது நிரூபணமானது. 1894 பிப்ரவரி 17 அன்று, நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில், சுமார் ஒரு நிமிடம் தானாக ஓடியது. சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரப்பூர்வமாக அளந்து பார்த்தார். செயல்திறன் 26.2 சதவீதம். 70-ஐக் கனவு கண்டவருக்கு 26 தோல்வி மாதிரி தெரியலாம். ஆனால் அன்றைக்கு அதன் கிட்டே வர வேறு எந்த வெப்ப இயந்திரமும் இல்லை.

அந்த இன்ஜினின் ஸ்பெக் இது: ஒரே சிலிண்டர், போர் 250 மி.மீ., ஸ்ட்ரோக் 400 மி.மீ., கொள்ளளவு 19.6 லிட்டர், சுமார் 18 குதிரைத்திறன், 154 ஆர்.பி.எம். உயரம் சுமார் 3 மீட்டர். இந்த எண்களை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

பணம் வந்தது, நிம்மதி போனது

சோதனை வெற்றி பெற்றதும் உலகம் முழுக்க உரிமம் வாங்க வரிசை கட்டினார்கள். அமெரிக்க உரிமையை மட்டும் பீர் தொழிலதிபர் அடோல்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 40 வயசில் டீசல் கோடீஸ்வரர்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. லேபில் ஜெயித்த இன்ஜின் ஃபீல்டுக்குத் தயாராக இல்லை. தீக்குச்சி தேவைப்படாத இந்த இன்ஜினை முதலில் வாங்கியவர்களில் ஒன்று, கெம்ப்டன் ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே அது அடிக்கடி மக்கர் செய்தது. எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊத, தனியாக ஒரு உயரழுத்தக் காற்று கம்ப்ரசர் தேவைப்பட்டது. அது பழுதாகும், நாசில் அடைக்கும், புகை கக்கும். உரிமம் வாங்கியவர்கள் கொதித்தார்கள். டீசல் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தொழிற்சாலை சில வருஷத்திலேயே உற்பத்தியை நிறுத்தியது. நரம்புத் தளர்ச்சி வந்து அவர் சானடோரியத்தில் தங்க வேண்டியதானது. நில முதலீடுகளிலும் வழக்குகளிலும் பணம் கரைந்தது. மியூனிக்கில் கட்டிய மாளிகைக்கும் செலவு குறையவில்லை.

இன்ஜின் மட்டும் மெல்ல மெல்லத் தேறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும் பரிசு வாங்கியது. அங்கே ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது, பார்த்தவர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசலில் பெருங்கடல் பயணம் கிளம்பியது. அதே காலத்தில், ஓடுகிற இன்ஜினுக்கும் காப்புரிமையில் உள்ள இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை, புகழ் ஆக்ஸ்பர்க் இன்ஜினியர்களுக்கே சேர வேண்டும் என்று சில பேராசிரியர்கள் அவரைத் தாக்கினார்கள். ஒருவர் அதற்கென்றே 1913-ல் புத்தகம் எழுதினார்.

அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. காப்புரிமைக் காகிதத்தில் இருந்தது வேறு, ஓடியது வேறு. ஆனால் தன் கணக்கு தப்பு என்று தெரிந்த பிறகும் நாலு வருஷம் டெஸ்ட் பெஞ்சை விட்டு நகராமல், ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றி அதை ஓட வைத்தவர் அவர்தானே? தியரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இன்ஜினே வந்திருக்காது.

1913 செப்டம்பர் 29 மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்கு ஏறினார். இரவு உணவு முடிந்து, காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் படுக்கை கலையாமல் இருந்தது. தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் கிடைத்தன. சில நாள் கழித்து வட கடலில் ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கண்ட உடலிலிருந்து எடுத்த பொருட்களை, அவருடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். கொலை, உளவு என்று கதைகள் நிறைய உலவின. எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தது என்பது மட்டும் பிறகு உறுதியானது. அவருக்கு வயது 55.

உங்க பானெட்டுக்குள்ள அவர்

அவரைப் படுத்திய கம்ப்ரசரை ஒழித்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1927-ல் பாஷ் நிறுவனத்தின் இன்ஜெக்ஷன் பம்ப் வந்தது. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி கார் வந்தது. காற்றை முன்கூட்டியே அமுக்கி உள்ளே தள்ளும் யோசனையை டீசலே சோதித்துக் கைவிட்டிருந்தார். அதை வெளியேறும் புகையின் சக்தியிலேயே செய்ய 1905-ல் காப்புரிமை எடுத்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி. அதுதான் டர்போ. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காமன் ரெயிலோடு வந்தது.

இப்ப நம்ம ஊர் ரோட்டுக்கு வருவோம். ஃபியட் 2003-ல் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட், 2007-லிருந்து ஸ்விஃப்ட்டில் டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் ஓடியது, டாடாவில் குவாட்ராஜெட் ஆனது. இந்தியாவின் தேசிய இன்ஜின்னு கிண்டலா சொல்ற அளவுக்குப் பரவியது. 1248 சி.சி., 4 சிலிண்டர், போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ., 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். டீசலின் முதல் இன்ஜின் லிட்டருக்கு 1 குதிரைத்திறன்கூடத் தரவில்லை, இது 60 தருகிறது.

ஆனா இதோட வியாதிகளைப் பாருங்க, பழைய ஆள் பட்ட அதே பாடுதான். கலப்பட டீசலும் தண்ணீரும் போனால் இன்ஜெக்டர் நாசில் கெடும், அதனால் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிக்கணும். இ.ஜி.ஆர். வால்வில் கரி படியும், இழுவை குறையும், கரும்புகை வரும். டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது ஆயில் படலத்தின் மேல்தான். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விடாமல் அணைத்தால் அந்த ஆயில் கருகும். ஆயில் கொள்ளளவே சுமார் 3 லிட்டர்தான். மட்டம் குறைந்தால் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் தளர்ந்து டைமிங் செயின் சத்தம் போடும். டி.பி.எஃப். இருக்கிற வண்டியை டவுனுக்குள்ளேயே உருட்டினால் ஃபில்டர் அடைக்கும், அப்பப்ப ஹைவேயில் ஓட்டணும்.

புகையைக் கட்டுப்படுத்தும் செலவு சின்ன டீசலுக்குக் கட்டுப்படியாகாமல், 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி இந்த இன்ஜினை நிறுத்தியது. கப்பல்களில் டீசல் இன்னும் ஓடுகிறது, அங்கே செயல்திறன் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யப்போற நண்பர்களே, ரிப்போர்ட்டில் ஒரு எண்ணும் பெஞ்சில் வேறு எண்ணும் வரும்போது டீசலை நினைச்சுக்கோங்க. பெஞ்சில் வந்த எண்ணையே எழுதுங்க. விக்கிறதுக்கு மட்டும் அவசரப்படாதீங்க.