வானியலாளர் இராதாகோவிந்த சந்திரா (1878 – 1975)

பரீட்சையில் மூன்று முறை தவறிய ஒருவரின் குறிப்புகளை அமெரிக்க வானியலாளர்கள் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருந்தனர் என்றால் வியப்பாக இருக்கும். அவரே இராதாகோவிந்த சந்திரா ஆவார்.

இவர் 1878ஆம் ஆண்டு வங்காளத்தின் யசோர் மாவட்டத்திற் பிறந்தார். அவ்விடம் இன்று பங்களாதேஷில் உள்ளது. ஆறாம் வகுப்பில் இவரது பாடநூலில் பிரபஞ்சத்தின் பரப்பை விளக்கும் கட்டுரையொன்று இருந்தது. அட்சயகுமார தத்தர் எழுதிய அந்த ஒரு பாடமே இவரை வானத்தின்பால் ஈர்த்தது.

ஆயினும் பிரவேசப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றியும் இவர் சித்தியடையவில்லை. யசோர் அரச திறைசேரியில் நாணயங்களைப் பரிசோதிக்கும் சிறிய பதவியே கிடைத்தது. பகலில் அலுவலகம், இரவில் வானம் என்று வாழ்ந்தார். விண்மீன் வரைபடம் தயாரித்த காளிநாத முகர்ஜி என்னும் சட்டத்தரணிக்கு உதவி செய்தபோது, விண்மீன்களை இனங்காணக் கற்றுக்கொண்டார்.

1910இல் ஹலியின் வால்வெள்ளி தோன்றியது. வால்வெள்ளியொன்று சூரியனை நெருங்கும்போதே பிரகாசமடையும். ஆகவே பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்னரோ, அந்தி சாய்ந்த பின்னரோ அடிவானத்துக்கு அருகில் அதைக் காணலாம். சற்றுத் தாமதித்தாலும் சூரிய ஒளி அதை மறைத்துவிடும். அவ்வாண்டு மே மாத நடுப்பகுதி வரை அது விடியலுக்கு முன் கிழக்கு வானில் தெரிந்தது. இராதாகோவிந்தர் சாதாரண பைனாக்குலர் கொண்டு அதை அவதானித்துக் குறிப்பெடுத்தார். அவர் எழுதியதைப் படித்த சாந்திநிகேதன் ஆசிரியர் ஜகதானந்த ராய், தொலைகாட்டி ஒன்றை வாங்கும்படி ஊக்குவித்தார். 1912இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைகாட்டியைத் தருவித்தார்.

1918 யூன் 7ஆம் திகதி கழுகு விண்மீன் கூட்டத்தில், வரைபடத்தில் இல்லாத பிரகாசமான விண்மீனொன்றைக் கண்டார். அது ஒரு புதுமீன் வெடிப்பு. ஹார்வார்ட் வானாய்வு நிலையத்துக்கு அதனை அறிவித்ததன் பயனாக, ஒளி மாறும் விண்மீன்களை ஆராயும் அமெரிக்கச் சங்கத்தில் இடம் பெற்றார். அயலிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியை மதிப்பிடுவதே அவர் பணி. 1919 முதல் 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளை அனுப்பினார். அதனை மதித்து அச்சங்கம் 1926இல் 6¼ அங்குலத் தொலைகாட்டியொன்றை வழங்கியது. 1928இல் பிரெஞ்சு அரசும் அவரைக் கௌரவித்தது.

நாட்டுப் பிரிவினையின் பின்னர் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், இறுதிக்காலத்தில் வறுமையுற்று 1975இல் காலமானார். அவரது தொலைகாட்டியோ வைணு பாப்பு என்னும் வானியலாளரிடம் சென்று, பின்னர் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வு நிலையத்தை அடைந்தது.

மாணவர்களே, பரீட்சையில் தவறுவது பெருமையன்று. அத்துடன் முயற்சியை விடுவதே உண்மையான தோல்வி. எமது கினிகத்தேனையில் மழையும் மூடுபனியும் வானத்தை அடிக்கடி மறைக்கும். எனினும் வானம் தெளியும் விடியல்களும் உண்டு. ஹலியின் வால்வெள்ளி மீண்டும் 2061இல் வரும். அதற்குமுன் வேறு பல வால்வெள்ளிகளும் வரலாம். விழித்திருப்பவருக்கே அவை தென்படும்.

பயிற்சி வினாக்கள்
1. இராதாகோவிந்தருக்கு வானியலில் ஆர்வம் ஏற்படக் காரணம் யாது?
2. வால்வெள்ளியை விடியலுக்கு முன் தேடுவது ஏன்?
3. அவரது வாழ்விலிருந்து நீர் பெறும் படிப்பினையை 5 வாக்கியங்களில் எழுதுக.