மேரி அரசியாரின் இரகசிய எழுத்து

தொட்டிலில் கிடந்தபோதே அரசியாகி, எழுதிய கடிதத்தாலேயே உயிரையும் இழந்த ஓர் அம்மையாரின் வரலாறு இது.

ஸ்காட்லாந்து நாட்டில் 1542ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் மேரி ஸ்டூவர்ட் பிறந்தார். ஆறே நாளில் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் காலமானார். கைக்குழந்தை நாட்டுக்கு அரசியானது! ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பி வைத்தார்கள். 1558இல் அந்நாட்டு இளவரசரை மணந்து, மறு ஆண்டே அங்கும் அரசியானார். 1560இல் கணவர் இறந்துபோகவே, 18 வயது விதவையாகத் தாய்நாடு திரும்பினார்.

அங்கும் நிம்மதி இல்லை. இரண்டாவது கணவர் டார்ன்லி பிரபு 1567இல் கொலையுண்டார். கொலையாளி என்று ஊரே சந்தேகித்த பாத்வெல் பிரபுவை மேரி சில மாதங்களில் மணந்துகொண்டார். பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? கொதித்தெழுந்து, முடியைப் பறித்து, ஒரு வயது மகன் ஜேம்ஸுக்குச் சூட்டினார்கள்.

1568இல் மேரி இங்கிலாந்துக்குத் தப்பி வந்து எலிசபெத் அரசியாரிடம் அடைக்கலம் கேட்டார். ஆனால் இங்கிலாந்து முடிக்கும் மேரிக்கு உரிமை உண்டே! அந்தப் பயத்தில் எலிசபெத் அவரைக் காவலில் வைத்தார். ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்தக் காவல் நீடித்தது.

வெளியுலகோடு மறைவாகப் பேச மேரிக்கு உதவியது இரகசிய எழுத்துதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி. சில சொற்களுக்கும் பெயர்களுக்கும் தனிக் குறிகள். ஏமாற்றுவதற்காகப் பொருளே இல்லாத சில குறிகள். 1586இல் ஆந்தனி பாபிங்டன் என்னும் இளைஞர், எலிசபெத்தைக் கொன்று மேரியை விடுவிக்கும் திட்டத்தை இந்த எழுத்தில் எழுதி அனுப்பினார். கடிதங்கள் பீர்ப் பீப்பாய்க்குள் ஒளிந்து வந்து போயின. யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் மேரியும் ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதினார்.

அந்தப் பீப்பாய் வழியோ எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்காம் விரித்த வலை! கடிதங்கள் எல்லாம் தாமஸ் ஃபெலிப்ஸ் என்ற கெட்டிக்காரரிடம் போயின. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில எப்போதாவது வரும். குறிகளை எண்ணிப் பார்த்தாலே எது எந்த எழுத்து என்று ஊகித்துவிடலாம். அந்த வித்தையில் அவர் கைதேர்ந்தவர். மேரியின் கடிதமே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. 1587ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஃபாதரிங்கே கோட்டையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது வயது 44. அவர் மகன் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னரானார்.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். மேரி எழுதிய வேறு ஐம்பதுக்கும் மேற்பட்ட இரகசியக் கடிதங்களை மூன்று ஆய்வாளர்கள் கணினியின் துணையோடு படித்து, 2023இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

இன்று வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் குடும்பக் குறிப்புகளையும் கணினியில் மறையாக்க மென்பொருளால் பூட்டி வைக்கிறோம். நல்ல மென்பொருள் ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே குறி போடுவதில்லை. ஆகவே எண்ணிப் பார்க்கும் வித்தை அதனிடம் பலிக்காது. ஆனால் அதைத் திறக்கும் கடவுச்சொல் நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பிறந்த நாளாக வைத்தாலும், தோழனிடம் சொன்னாலும், எந்தப் பூட்டும் காப்பாற்றாது. நீளமாக வையுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள். பூட்டு பலமானதா என்று பாராமல் அதை நம்பியதுதான் மேரி அரசியாருக்கு வினையாயிற்று.