பெர்த்தா பென்ஸ்

பெர்த்தா பென்ஸ் (மே 3, 1849 - மே 5, 1944) உலகில் முதன்முதலாகத் தானுந்தில் நெடுந்தொலைவு பயணம் செய்தவர் ஆவார். ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்த இவர், பொறியாளர் கார்ல் பென்சை 1872 இல் மணந்தார். திருமணத்துக்கு முன்பே தமது சீதனப் பணத்தை அவரது தொழிலில் இட்டிருந்தார்.

கார்ல் பென்ஸ் 1886 இல் தமது மூன்று சக்கரத் தானுந்துக்குக் காப்புரிமை பெற்றும் அதனை வாங்க மக்கள் தயங்கினர். 1888 ஆகஸ்ட் மாதத்தில் பெர்த்தா, கணவரிடம் கூறாமலே, மகன்கள் ஓய்கன், ரிச்சர்ட் இருவருடன் மன்ஹைமில் இருந்து தாய்வீட்டுக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி.

பயணத்தினும் வழியில் இவர் செய்த பழுதுபார்ப்புகளே குறிப்பிடத்தக்கவை. எரிபொருளான லிக்ரோயினை வீஸ்லோக் நகர மருந்துக்கடையில் வாங்கினார். அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் தூய்மை செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிக் குறைந்ததால் அடிக்கடி நீர் ஊற்றவேண்டியிருந்தது. இறக்கங்களில் தேய்ந்த மரப் பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தினார். இன்றைய பிரேக் உறைகளின் தொடக்கம் இதுவே எனலாம். ஏற்றங்களில் மகன்கள் வண்டியைத் தள்ளினர்; இக்குறையைக் கணவருக்கு எடுத்துரைத்ததன் பேரில் மற்றுமொரு கியர் சேர்க்கப்பட்டது.

தமது 95ஆம் பிறந்தநாளுக்கு இரு நாட்களின் பின் லாடன்பர்க் நகரில் காலமானார்.