வலி நீக்கிய மருத்துவர்

மூட்டு வலியால் வருந்தும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். அவ்வலியைப் போக்க உழைத்தவர் ஜான் சார்ன்லி. இவர் 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் பரி என்னும் ஊரில் பிறந்தார். மான்செஸ்டரில் மருத்துவம் பயின்று எலும்பு அறுவை மருத்துவரானார்.

இடுப்பு மூட்டு தேய்ந்தோர்க்காக, ரைட்டிங்டன் மருத்துவமனையில் இவர் செயற்கை மூட்டு ஒன்றை உருவாக்கினார். தொடை எலும்பில் சிறிய எஃகுப் பந்தையும் இடுப்பு எலும்பில் டெஃப்லான் கிண்ணத்தையும் பொருத்தினார். ஏறத்தாழ 300 பேர் அம்மூட்டைப் பெற்றனர்; வலியின்றி நடந்தனர்.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் மூட்டைச் சுற்றிய தசையைப் புண்படுத்தின. சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லானைத் தம் தொடையிலேயே செலுத்தி அதன் தீமையை ஆராய்ந்தார். பழுதுற்ற மூட்டுகளைத் தாமே மீண்டும் அறுவை செய்து அகற்றினார்.

1962இல் பாலிஎத்திலீன் என்னும் நெகிழி அவரிடம் வந்தது. முதலில் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. உதவியாளர் ஹாரி கிரேவன் அதனைச் சோதித்தார். அது மிகச் சிறிதளவே தேய்ந்தது. இதனைக் கண்ட சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணத்தைப் பொருத்தினார், வெற்றி கண்டார்.

1982இல் சார்ன்லி மறைந்தார். இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு அவர் வகுத்த முறையே அடிப்படையாகும். பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மையே அறிவியலை வளர்க்கும்.

சிந்தித்து எழுதுக

1. டெஃப்லான் கிண்ணம் ஏன் பயன்படவில்லை?
2. சார்ன்லியின் பண்புகளுள் உங்களைக் கவர்ந்தது எது? ஏன்?