இன்னொரு இராமானுஜம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவன்

கணிதமேதை இராமானுஜன் என்றதும் நம் நினைவு கும்பகோணத்துக்குச் செல்கிறது. அப்பெயரை ஒட்டிய பெயருடன் இன்னொரு மேதையும் தமிழ்நாட்டில் பிறந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எங்கள் கணிதப் பேராசிரியர் சொல்லித்தான் நானும் அறிந்தேன். அவர்தாம் சி.பி. இராமானுஜம்.

இவர் 1938 ஜனவரி 9 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை உயர்நீதிமன்ற வழக்கறிஞர். லயோலாக் கல்லூரியில் பயின்றபோது, பாதிரியாரும் கணிதப் பேராசிரியருமான சார்லஸ் ரசீன் இவரது திறமையைக் கண்டுகொண்டார். 1957இல் ஆனர்ஸ் தேர்வில் இவருக்குக் கிடைத்ததோ இரண்டாம் வகுப்பு! ஆயினும் ரசீன் அளித்த ஊக்கத்தால் அவ்வாண்டே பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கு கே.ஜி. இராமநாதனின் வழிகாட்டுதலில், வாரிங் வினாவைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் சீகல் எழுப்பிய கேள்விக்கு விடை கண்டார்.

பின்னர் அவர் மனம் வடிவகணிதத்தில் தோய்ந்தது. அத்துறையின் சுவையைச் சிறிது பார்ப்போம். 6 என்னும் எண் பகா எண்களாக 2×3 என்று ஒரே வழியில்தான் பிரியும். ஆனால் √−5 ஐச் சேர்த்துக்கொண்டால் (1+√−5)(1−√−5) என்றும் பிரிகிறது, ஒருமை குலைகிறது. எண்ணுக்குப் பதிலாக ‘ஐடியல்’ எனும் தொகுதியைப் பிரித்தால் ஒருமை மீளும் என்று 19ஆம் நூற்றாண்டில் டெடகிண்ட் காட்டினார். x, y என இரு மாறிகள் வந்தால் அதுவும் போதாது. x², y² ஆகியவை ஆக்கும் ஐடியலில் xy இல்லை. எனினும் xyஇன் வர்க்கம் அவ்விரண்டின் பெருக்கமே அல்லவா? உறவு கொண்ட அதனையும் உள்ளே அழைத்துக்கொண்டால் ஐடியல் நிறைவு பெறுகிறது. X, y ஆக்கும் ஐடியலின் வர்க்கமாகவும் ஆகிவிடுகிறது. இவ்வாறு நிறைவுற்ற ஐடியல்கள் ஒரே வழியில் பிரியும் என்று சாரிஸ்கி நிறுவியது 1938இல். நம் இராமானுஜம் பிறந்த ஆண்டு! நிறைவு செய்தாலும் ஐடியலின் ‘மடங்கெண்’ மாறாது. நம் எடுத்துக்காட்டில் முன்னும் பின்னும் அது 4தான். அந்த மடங்கெண்ணுக்கு வடிவகணிதப் பொருள் தந்த கட்டுரையை இராமானுஜம் 1973இல் வெளியிட்டார். ‘மறைதல் தேற்றம்’ ஒன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இத்தகையவர், இணைப் பேராசிரியர் பதவி வந்தபோது தமக்கு அத்தகுதி இல்லை என்று மறுத்தார். நண்பர்கள் வற்புறுத்தியே ஏற்கச் செய்தனர். பல ஆண்டுகள் கடும் மனநோய் அவரை வாட்டியது. அந்நோயின் பிடியிலேயே 1974 அக்டோபர் 27 அன்று பெங்களூரில் மறைந்தார். வயது 36.

இதனை நான் எழுதக் காரணம் உண்டு. என் தந்தை ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. சென்ற பருவத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறினேன். எனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் சேர்வராயன் மலைக்கே திரும்பி, பத்து நாள் அப்பாவோடு காப்பிப் பழம் பறித்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் நாள், செலவுக்குப் பணம் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்த என்னை அழைத்து, பேராசிரியர் சொன்ன கதையே இது.

இரண்டாம் வகுப்பு அவர் அறிவை அளக்கவில்லை. தம்மைப் பற்றி அவர் கொண்ட ஐயமும் அளக்கவில்லை. நண்பர்களே, மதிப்பெண் குறைந்தவனைக் கேலி செய்யாதீர்கள். மனம் சோர்ந்தவன் வகுப்புக்கு வராவிட்டால் அவன் அறைக்குச் சென்று பாருங்கள். சோர்ந்தவர் நாமேயானால், மறைக்காமல் ஒருவரிடமேனும் சொல்லுவோம். தவறிய அந்தப் பாடத்தை வரும் பருவத்தில் மீண்டும் எழுதுகிறேன்.