போத்தனூரின் பேரன்

டில்லிக் குளிரில், விடுதி அறையில், கணிப்பொறியோடு சதுரங்கமாடித் தோற்ற இரவுகள் எனக்குப் பல. அப்போதெல்லாம் நான் நினைப்பது ஆலன் டூரிங்கை.

அவர் 1912-இல் லண்டனில் பிறந்தவர். எனினும், தந்தை சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். தாய் ஈத்தலோ கோவைக்கருகே போத்தனூரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் செர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்க உழைத்தார் டூரிங்.

1948-இல் நண்பர் சாம்பர்நோனுடன் சேர்ந்து, சதுரங்கமாட ஒரு விதித்தொகுப்பு வகுக்கலானார். அதை இயக்கவல்ல பொறி வாய்க்கவில்லை. ஆகவே, 1952-இல் அவரே பொறியானார்! தாளில் கணக்கிட்டு, நகர்வுக்கு அரைமணி நேரம் செலவிட்டு, அலிக் கிளென்னியோடு ஆடினார். 29-ஆம் நகர்வில் விதிகள் சிப்பாயை வெட்டச் சொல்லின; ராணி வெட்டினாள். எதிரியின் யானை நேரே வந்து நின்றது. ராணிக்குப் பின்னே அரசன்! விலக வழியேது? யானை வருவதற்கு அப்பால் காண அவ்விதிகளுக்குக் கண்ணில்லை. ஆட்டம் முடிந்தது.

அதே ஆண்டில்தான், ஓர் ஆடவரோடு கொண்ட உறவுக்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 1954-இல், 41 வயதில், சயனைடு நஞ்சால் மறைந்தார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் அத்தகைய உறவு குற்றமன்று என, 2018-இல் இதே டில்லியில் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றைய பொறிகள் உலக வீரர்களையே வெல்கின்றன. ஆயினும், ஆழம் மிக்க சில நிலைகளில் அவையும் தடுமாறுகின்றன. அத்தகைய நிலையொன்றைக் காணும்போதெல்லாம், தன் விதிகளின் தோல்வியைத் தன் கையாலேயே ஆடி முடித்த அந்தப் போத்தனூர்ப் பேரனை வணங்குகிறேன்.